இளவழகன் போட்ட சிவப்புக் கோடு

பயந்துட்டேன்னு நினைக்காதீங்க சார். பஸ் நிக்கும்போது பிரேக்குல இருந்து புஸ்ஸுன்னு காத்து விடுதில்ல, அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. உங்க மேல இடிச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. அந்தச் சத்தத்துலதான் என் பொழப்பே ஓடுச்சு.

ஏலகிரிக்குத்தானே? நானும் மேலதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம். வாயை மூடிக்கிட்டு உக்காந்தா இன்னிக்கு எனக்கு நெஞ்சடைச்சிடும்.

என் பேரு எத்திராஜ். ஏரியைத் தாண்டி ஒரு பெயிண்ட் பால் மைதானம் பூட்டிக் கிடக்கும், பாத்திருப்பீங்க. அது என்னுதுதான். பெயிண்ட் பால் தெரியுமில்ல? பெங்களூர் கம்பெனி ஆளுங்க வேன் வேனா வருவாங்க. ஆளுக்கு ஒரு மாஸ்க், ஒரு துப்பாக்கி. சுட்டா குண்டுக்குப் பதிலா சாய உருண்டை வரும். மேல பட்டா உடைஞ்சு சட்டையெல்லாம் சாயம். வருஷம் பூரா மேனேஜருக்குக் கை கட்டி நின்னவன், அன்னிக்கு அந்த மேனேஜரையே தேடித் தேடிச் சுடுவான். பாக்கறதுக்கு அவ்வளவு சிரிப்பா இருக்கும் சார்.

அந்த உருண்டையைத் தள்றது காத்து. துப்பாக்கிக்குப் பின்னால ஒரு பாட்டில் மாட்டியிருக்கும். நாங்க பாட்டில்னு சொல்லுவோம், கண்ணாடி இல்ல, அலுமினியம். அதோட கழுத்துல ஒரு வால்வு முறுக்கி இருக்கும். கம்ப்ரஸர்ல வெச்சுக் காத்தை ஏத்து ஏத்துன்னு ஏத்துவோம். லாரி டயர்ல இருக்கிற மாதிரி முப்பது மடங்கு அழுத்தம்னு மாப்பிள்ளை சொல்லுவாரு. ஆட்டம் முடிஞ்சா பாட்டிலைத் திருகிக் கழட்டணும், காத்து ஏத்தணும், மறுபடி மாட்டணும். இவ்வளவுதான் தொழில். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு, சொல்லுங்க.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி கோதையோட வீட்டுக்காரரு. இளவழகன்னு பேரு, பேருக்கேத்த மாதிரிதான் இருப்பாரு. பெங்களூர்ல இதே மாதிரி ஒரு மைதானத்துல வேலை பாத்தவரு. கல்யாணம் முடிஞ்சதும் நான்தான் கூப்பிட்டேன். ‘ஊரான் மைதானத்துல எதுக்கு மாப்பிள்ளை கஷ்டப்படுறீங்க, நம்ம மலையிலேயே ஒண்ணு போடுவோம் வாங்க’ன்னு. நான் கூப்பிடலேன்னா அவரு அங்கயே இருந்திருப்பாரு. நல்லதுக்குத்தான் கூப்பிட்டேன்.

மனுஷன் தங்கம். ஆனா பாட்டில் விஷயத்துல ஒரு கிறுக்கு. ஒரு பாட்டில் கை தவறிக் கீழ விழுந்துட்டா போதும், அதைத் தனியா எடுத்து வெச்சிடுவாரு. பெங்களூருக்கு அனுப்பி, உள்ள தண்ணியை அடைச்சு அழுத்திப் பாத்து, நல்லா இருக்குன்னு வந்தாத்தான் மறுபடி தொடுவாரு. வெயில்ல வெக்கக் கூடாதாம். எண்ணெய்க் கையோட வால்வுகிட்ட போகக் கூடாதாம். பாட்டிலை ரெண்டு கையாலயும் ஏந்தித்தான் தூக்குவாரு. அப்ப கோதை மாசமா இருந்தா. ‘மாப்பிள்ளை, என் தங்கச்சியைக்கூட நீங்க இவ்வளவு பத்திரமாப் பாத்துக்கல’ன்னு கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பா. அவரும் சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே வேலையைப் பாப்பாரு.

இதெல்லாம் போகட்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கோடு போடுவாரு சார். கோதையோட நெயில் பாலிஷை எடுத்துட்டு வந்து, சிவப்பா ஒரு கோடு. பாதி பாட்டில் கழுத்துல, பாதி வால்வுல. என்ன மாப்பிள்ளை இது, பொட்டு வெக்கிறீங்களான்னு கேட்டேன்.

‘மச்சான், இந்தக் கோடு நேரா இருக்கிற வரைக்கும் வால்வு அசையலேன்னு அர்த்தம். பாட்டில்ல ஒரு பக்கம், வால்வுல ஒரு பக்கம்னு கோடு விலகி நின்னா, வால்வோட மரை கழண்டுக்கிட்டு இருக்கு. அது தெரியாம துப்பாக்கியில இருந்து பாட்டிலைத் திருகினோம்னு வைங்க, வால்வு துப்பாக்கியிலேயே நின்னுக்கும். பாட்டில் மட்டும் தனியாக் கழண்டு பறக்கும். எதிர்ல எவன் இருந்தாலும் அவ்வளவுதான்’னாரு.

கேட்டுக்கிட்டேன். சரின்னுதான் சொன்னேன். ஆனா பாக்கச் சகிக்கல சார். நான் வாணியம்பாடியில லாரி பாடி கட்டுற பட்டறையில பெயிண்ட் அடிச்சவன். நான் அடிச்ச பாடியில முகம் பாத்துத் தலை வாரலாம். என் கண்ணுக்கு முன்னாடி வரிசையா பாட்டிலுங்க, கழுத்துல அழுக்கும், கோணல் மாணலா சிவப்புக் கோடும். எப்படி இருக்கும் எனக்கு?

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்துச்சு. லீவு நாளு, மறுநாள் கூட்டம் அலை மோதும். சாய உருண்டை வாங்கிட்டு வர மாப்பிள்ளை பெங்களூர் போயிருந்தாரு. அவரு வரதுக்குள்ள எல்லாத்தையும் புதுசாக்கி வெச்சு, அவரு அசந்து போகணும்னு நினைச்சேன். சத்தியமாச் சொல்றேன், வேற ஒரு நினைப்பும் இல்ல. ஆயுத பூஜைன்னா எங்க பட்டறையில உளி, சுத்தியல் வரைக்கும் கழுவித் தொடைச்சு பொட்டு வெப்போம். சோறு போடுற சாமானை அழுக்கோட சாமிக்கு முன்னால வெக்க முடியுமா?

காத்தை எல்லாம் இறக்கிட்டுத்தான் செஞ்சேன், அந்த அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கு. தின்னர் போட்டுத் தொடைச்சேன். அந்த நெயில் பாலிஷ் ஒரே இழுப்புல போயிடுச்சு. கழுத்து இடுக்குல வருஷக் கணக்கா அழுக்கு. வால்வைக் கொஞ்சம் தளர்த்தினாத்தான் துணி உள்ள போகும். நல்லா இறுகி இருந்துச்சு, ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினேன். தொடைச்சு, ஊதா நிறத்துல ஸ்ப்ரே அடிச்சு, காய்ஞ்சதும் மறுபடி முறுக்கினேன். அப்ப ஸ்பேனர் போடல. போட்டா புதுப் பெயிண்ட் உரிஞ்சிடுமே. கையாலேயேதான் முறுக்கினேன். என் கை முறுக்கு உங்களுக்குத் தெரியாது சார். பட்டறையில நான் மூடின பெயிண்ட் டப்பாவை இன்னொருத்தன் திறக்க முடியாது.

கோதை பக்கத்துலதான் நின்னா. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, குங்குமத் தட்டோட. ‘அண்ணா, அதையெல்லாம் கழட்டாதே. அவரு வரட்டும்’னா. ‘நீ போய்ப் பொரி கடலையை எடுத்து வைம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியாது’ன்னு அனுப்பிட்டேன். அப்புறம் மறுநாள் ஆட்டத்துக்குக் காத்தை ஏத்தி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சோம். அவ கற்பூரம் காட்டும்போது பாட்டில் எல்லாம் பளபளன்னு... எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு சார். நம்ம குடும்பம் நல்லா வந்துடுச்சுன்னு தோணுச்சு.

நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்களா? எடுத்துட்டீங்களா, சரி.

காலையில மாப்பிள்ளை வந்தாரு. அவரு அசந்து நிப்பாருன்னு நான் வாசல்லயே காத்திருக்கேன். உள்ள போனாரு. ஒரு பாட்டிலை எடுத்தாரு, திருப்பினாரு. இன்னொண்ணை எடுத்தாரு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரல. ‘மச்சான், கோடு எங்க?’ன்னாரு. முகம் செத்துப் போச்சு. ‘வால்வைத் தொட்டீங்களா?’ன்னு கேட்டாரு. வேலைக்கு இருக்கிற ஆளுங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்புன்னு, ‘இல்ல மாப்பிள்ளை, மேலாப்புலதான் தொடைச்சேன்’னு சொன்னேன். அது பொய் இல்ல சார். ஒரு சமாதானத்துக்குச் சொல்றதுதான். வீட்டுல நீங்க சொல்றதில்லையா?

அவருக்கு மனசு ஆறல. ‘இன்னிக்கு வேணாம் மச்சான். எல்லாத்தையும் இறக்கி, ஒவ்வொரு வால்வா சரி பாத்து, கோடு போட்டுட்டு அப்புறம் எடுப்போம்’னாரு. வாசல்ல மூணு வேன் நிக்குது. விஜயதசமி. புதுசாத் தொடங்குற நாள்ல கதவைச் சாத்தினா விளங்குமா? ‘தங்கச்சியைக் குடுத்தவன் சொல்றேன், ஒண்ணும் ஆகாது, ஆரம்பிங்க’ன்னேன். அதுக்கப்புறம் அவரு பேசல. அப்படித்தான் சார் அவரு. நான் அந்த வார்த்தையைச் சொன்னா பேச மாட்டாரு.

ஆனா அன்னிக்கு அவருக்கு என் மேல கோவம். எப்படிச் சொல்றேன்னா, ஆட்டம் முடிஞ்சதும் பாட்டில் கழட்டுற வேலையை ஒருத்தர்கிட்டயும் விடல. மத்த நாள்ல நாலு பேரு சேர்ந்து செய்வாங்க. அன்னிக்கு எல்லாத் துப்பாக்கியையும் கொட்டகைக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாரு. ‘யாரும் கிட்ட வராதீங்க, தள்ளி நில்லுங்க’ன்னு ஒரே விரட்டல். என்னைக்கூட உள்ள விடல சார். முதலாளி நான், என்னை! நான் தொட்டதை இன்னொருத்தரு தொடக் கூடாதுன்னு வீம்பு. அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

துப்பாக்கியை மேல பிடிச்சு, காத்து மொத்தமும் தீர்ற வரைக்கும் சும்மா சுட்டுட்டு, காலி ஆனப்புறம்தான் பாட்டிலைக் கழட்டினாரு. ஒவ்வொண்ணுக்கும் அவ்வளவு நேரம். வெளிய அடுத்த செட் ஆளுங்க கைக்கடிகாரத்தைப் பாக்குறாங்க. ஒரு பொம்பளை வந்து ‘இன்னும் எவ்வளவு நேரம்?’னு கேட்டுட்டா. நான் என்ன பண்றது? ஒரு சத்தம் போட்டேன். ‘காத்தை வீணாக்காம அப்படியே கழட்டுங்க மாப்பிள்ளை! பொம்பளைங்க மாதிரி பயந்துக்கிட்டு!’ன்னு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் போட்டேன். அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அடுத்த துப்பாக்கியை எடுத்தாரு, சுட்டுக் காலி பண்ணாம அப்படியே பாட்டிலைத் திருகினாரு.

புஸ்ஸுன்னு ஒரு சத்தம். உடனே டமார்னு இன்னொண்ணு.

கொட்டகைத் தகரத்துல ஓட்டை. பாட்டில் அதைப் பொத்துக்கிட்டு எங்கயோ போயிடுச்சு. அதுக்கு முன்னால அவரு நெஞ்சுல பட்டிருக்கு. துப்பாக்கி கீழ கிடந்துச்சு, வால்வு அதுலயே இருந்துச்சு.

ஜீப்பை நான்தான் ஓட்டினேன். இதே ரோடு. வளைவுக்கு வளைவு ‘மாப்பிள்ளை, மாப்பிள்ளை’ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். முதல்ல ‘உம்’னாரு. அப்புறம் கூப்பிடக் கூப்பிட ஒண்ணும் வரல. மலை இறங்குறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு சார். நான் மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே போனேன்.

எல்லாம் திருஷ்டிதான். அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் பாட்டிலைப் பாத்து ‘ஆஹா, புதுசா வாங்கினீங்களா?’ன்னு கேட்டாங்க. அத்தனை கண்ணு. அப்புறம் கோவத்தோட வேலை செஞ்சாரு, அது ஒண்ணு. கோவத்துல கை அழுத்தமா விழுந்திருக்கும். போலீசுல கேட்டாங்க. வால்வு தேய்ஞ்சிருக்கும் சார்னு சொன்னேன். அவங்களும் விபத்துன்னு எழுதி முடிச்சிட்டாங்க. படிச்சவங்களே விபத்துன்னு எழுதிட்டாங்களே, அதுக்கு மேல என்ன இருக்கு?

ஆனா கோதை என்கிட்ட பேசறதை நிறுத்திட்டா. அழுது சண்டை போட்டிருந்தா தேவலை. துக்கத்துக்குப் பொறந்த வீட்டுக் கோடிப் புடவை நான்தானே எடுத்துட்டுப் போகணும்? எடுத்துட்டுப் போனேன். வாங்கிக் கீழ வெச்சா. என் முகத்தைப் பாக்கல. காரியம் முடிஞ்சதும் குழந்தையைத் தூக்கிட்டு ஆம்பூர் போயிட்டா. அங்க ஷூ கம்பெனியில தையல் வேலை. அண்ணன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ எதுக்கு சார் வேலைக்குப் போகணும்? போன் பண்ணா எடுக்க மாட்டா. நேர்ல போனா பக்கத்து வீட்டு அம்மா வந்து, ‘அவ ஷிப்டுக்குப் போயிட்டா’ன்னு சொல்லும். உள்ள குழந்தை சத்தம் கேக்கும். நான் வாசல்லயே நின்னுட்டு வந்துடுவேன்.

நாங்க அப்பா இல்லாத பிள்ளைங்க. அவளைத் தூக்கி வளத்தவன் நான். ஸ்கூலுக்குச் சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனவன். அவ கழுத்துல தாலி ஏறும்போது அவ அழல, நான் அழுதேன். அப்பேர்ப்பட்ட தங்கச்சி சார்.

இன்னிக்கு அந்தக் குழந்தைக்கு, கயல்னு பேரு, காதுகுத்து. திருப்பத்தூர்ப் பக்கம் அவங்க குலதெய்வம் கோயில்ல. எனக்குச் சொல்லல. தாய்மாமன் எனக்குச் சொல்லல! வேற ஒரு சொந்தக்காரர் வாய் தவறிச் சொல்லித்தான் தெரிஞ்சுது. தாய்மாமன் மடி இல்லாம எங்கயாவது காது குத்துவாங்களா? மானம் ரோஷம் எல்லாத்தையும் விட்டுட்டு, ஒரு ஜோடி தங்கத் தோடும், சட்டைத் துணியும், பழமும் பூவும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி இருந்துச்சு. எங்க பெரியம்மா பையன் மடியில உக்கார வெச்சிருந்தாங்க. காது குத்த வந்த பத்தர் ஊசியோட என்னைப் பாக்குறாரு, அவளைப் பாக்குறாரு. யாரோ ஒரு பெரியவர், ‘சொந்தத் தாய்மாமனே வந்துட்டாரே’ன்னாரு. கோதையே குழந்தையைத் தூக்கிட்டு வந்தா. ‘உக்காரு அண்ணா’ன்னா.

உக்காந்தேன் சார். குழந்தையை மடியில வெச்சா. என்னா கனம்! அவங்கப்பா மாதிரியே நெத்தி. அது என் சட்டைப் பொத்தானைப் பிடிச்சு இழுக்குது. எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்.

கோதை குனிஞ்சு, என் காதுகிட்ட வந்து மெதுவாச் சொன்னா. ‘அண்ணா, ஊருக்குச் சொல்ல வேணாம். போலீசுக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. “தப்பு என்னுது கோதை”ன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. அவரு பயந்தாங்கொள்ளியும் இல்ல, அவசரக்காரரும் இல்லேன்னு சொல்லு. போதும். இவ உன் மடியிலேயே வளரட்டும்’னா.

அழுதுக்கிட்டுக் கேக்கல சார். அமைதியாக் கேட்டா. சின்ன வயசுல, அண்ணா எனக்கு ஒரு ரிப்பன் வாங்கிக் குடுன்னு கேக்குமே, அந்தக் குரல்ல.

நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்குறா? நல்ல காரியம் நடக்குற எடத்துல, சாமி சன்னதியில, அந்தப் பேச்சு எதுக்கு? ‘அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, நேரம் ஆகுது, குத்தச் சொல்லு’ன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லி இருப்பீங்க.

அவ தலையை ஆட்டினா. சரின்னு. என் மடியில இருந்து குழந்தையைத் தூக்கினா. சட்டைப் பொத்தானைப் பிடிச்சிருந்த விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சா. கொண்டு போய் பெரியம்மா பையன் மடியிலேயே உக்கார வெச்சிட்டா. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி சார். நான் உக்காந்தே இருக்கேன், காலை மடக்கிக்கிட்டு, காலி மடியோட. எந்திரிக்கணும்னுகூடத் தோணல.

வாய் வரைக்கும் வந்துச்சு சார். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவ குழந்தையைத் தூக்கும்போது வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா என்ன, ஒரு வார்த்தைதானேன்னு தோணுச்சு. ஆனா சொல்லிட்டா அது உண்மையாயிடும் சார். அப்புறம் நான் ராத்திரி எப்படிப் படுப்பேன்? காலையில எந்த மூஞ்சியோட எந்திரிப்பேன்? என் மாப்பிள்ளையை நானே... இல்ல சார். நான் சுத்தம்தானே பண்ணேன்? நீங்களே சொல்லுங்க. இவ்வளவு நேரம் கேட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சுத்தம்தானே பண்ணேன்?

சரி விடுங்க. நீங்க எதுக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்க, உங்களை ஒண்ணும் தொந்தரவு பண்ணல.

காது குத்தும்போது நான் கோயில் வாசல்ல செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதுச்சு. ‘அம்மா’ன்னுச்சு. அப்புறம் ‘மாமா, மாமா’ன்னு அழுதுச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு, திரும்பி உள்ள ஓடினேன். அது, தன்னை மடியில வெச்சிருக்கிறவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அவனைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.

பக்கத்துல நின்ன என்னைப் பாத்துச்சு சார். யாரோன்னு பாத்துச்சு.